தொகுதி எல்லையும் வாக்கின் மதிப்பும்: கார்ன்வால் கோட்டத்தின் வரலாறு

ஆளுக்கு ஒரு வாக்கு என்பது குடியாட்சியின் அடிப்படை. ஆயினும், அவ்வாக்கின் மதிப்பு அது எந்தத் தொகுதியில் இடப்படுகிறது என்பதைப் பொறுத்ததாகும். பத்தாயிரம் பேர் கூடி ஓர் உறுப்பினரை அனுப்பும் தொகுதியும், ஒரு லட்சம் பேர் கூடி ஒருவரை அனுப்பும் தொகுதியும் ஒரே நாட்டில் இருப்பின், முன்னதில் வாழ்பவரின் ஒரு வாக்கு பின்னதில் வாழ்பவரின் பத்து வாக்குகளுக்கு ஈடாகும். ஆகவே, எல்லைக் கோடு வரைதல் தேர்தல் நடத்துதலைப் போன்றே பொறுப்பு மிக்க பணியாகும். இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டுவது, இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கார்ன்வால் கோட்டத்தின் வரலாறு.

பழைய நிலை

கார்ன்வாலின் மூன்று புறமும் கடல். கிழக்கெல்லையில் பெரும்பகுதி டாமர் ஆறு. டியூடர் மன்னர் காலத்தில் இக்கோட்டத்தின் சிற்றூர்கள் பல, காமன்ஸ் சபைக்கு உறுப்பினரை அனுப்பும் உரிமை பெற்றன. அதன் விளைவாக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 21 ஊர்கள் இவ்விரண்டு உறுப்பினரையும், கோட்டம் முழுமைக்கும் இருவருமாக, கார்ன்வால் 44 பேரை அனுப்பி வந்தது. ஸ்காட்லாந்து முழுவதற்கும் அப்போது 45 உறுப்பினரே. ஓர் ஆற்றின் இரு கரைகளில் எதிரெதிரே அமைந்த கிழக்கு லூ, மேற்கு லூ என்னும் சிற்றூர்கள் மட்டும் நால்வரை அனுப்பின. தொழில் பெருகி மக்கள் நிறைந்த மான்செஸ்டர், பர்மிங்ஹாம், லீட்ஸ் ஆகிய நகரங்களுக்கோ தமக்கென ஓர் உறுப்பினரும் இல்லை.

வாக்காளர் சிலரே இருந்த ஊர்களில் அவ்வாக்குகளை விலைக்கு வாங்குவது எளிதாயிற்று. கிராம்பவுண்ட் என்னும் ஊரில் இவ்வூழல் வெளிப்பட்டு, வாக்காளர்க்குக் கையூட்டு அளித்த மனாசே லோப்பஸ் என்பார் 1819இல் குற்றவாளி எனத் தீர்ப்பாகிச் சிறை சென்றார். 1821ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வூரின் உரிமையைப் பறித்து, அதன் இரு இடங்களையும் யார்க்‌ஷயர் கோட்டத்திற்கு வழங்கியது.

சீர்திருத்தமும் குறைந்த இடங்களும்

1832ஆம் ஆண்டின் பெருஞ்சீர்திருத்தச் சட்டம் கார்ன்வாலின் இடங்களை 14ஆகக் குறைத்தது. இரு லூ ஊர்களும் தம் உரிமையை அடியோடு இழந்தன. 1885இல் ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்னும் முறை நாட்டில் பெரும்பாலும் நிலைபெற்றபோது, இடங்கள் ஏழாயின, 1918இல் ஐந்தாயின.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செம்பு, ஈயச் சுரங்கங்கள் நலிந்து, தொழிலாளர் பலர் குடும்பத்தோடு கடல் கடந்து சென்றனர். மலாயாவின் கிந்தா பள்ளத்தாக்கு ஈயச் சுரங்கங்களிலும் கார்ன்வால் வல்லுநர் பணி புரிந்தனர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மக்கள் தொகை மீண்டும் பெருகவே, 2010ஆம் ஆண்டுத் தேர்தலில் கார்ன்வால் ஆறு தொகுதிகளைப் பெற்றது.

எல்லை வகுப்போர் யார்?

1944ஆம் ஆண்டுச் சட்டம் முதல் இப்பணி நிலையான ஆணையங்களிடம் உள்ளது. இங்கிலாந்து ஆணையத்தின் தலைவர், பெயரளவில் சபாநாயகர். அவர் பணியில் கலந்துகொள்வதில்லை. உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் துணைத் தலைவராக இருந்து அதனை நடத்துகிறார். ஆணையம் முதலில் வரைவை வெளியிட்டு, மக்கள் கருத்தைக் கேட்டுத் திருத்திய பின்னரே முடிவு கூறும்.

கணக்கும் ஆறும்

2011ஆம் ஆண்டுச் சட்டம், சபையின் இடங்களை 650இலிருந்து 600ஆகக் குறைக்கவும், ஒவ்வொரு தொகுதியின் வாக்காளர் தொகையும் சராசரிக்கு 5 விழுக்காட்டிற்கு மேல் கூடவோ குறையவோ கூடாதெனவும் விதித்தது. அப்போதைய கணக்கில் ஒரு தொகுதிக்குக் குறைந்த அளவு 72,810. மிகுந்த அளவு 80,473. ஐந்து தொகுதிகளில் அடங்கக்கூடியவர் 402,365 பேர். ஆறு தொகுதிகளுக்கு வேண்டியவர் 436,860 பேர். கார்ன்வாலின் தொகை இவ்விரண்டுக்கும் இடையே நின்றது. ஐந்துக்கு மிகுதி, ஆறுக்குக் குறைவு! ஆதலால் டாமர் எல்லையைத் தாண்டி, கார்ன்வாலின் பியூட் நகரையும் டெவன் கோட்டத்தின் பிடஃபோர்டையும் ஒரே தொகுதியாக்க ஆணையம் வரைந்தது.

கார்ன்வால் மக்கள் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். அவர்கட்குத் தனி மொழியும் மரபும் உண்டு. டாமர் அவர்களுடைய பண்டை எல்லை. வைட் தீவுக்கும் ஸ்காட்லாந்தின் இரு தீவுத் தொகுதிகளுக்கும் அச்சட்டம் விதிவிலக்கு அளித்தது, கார்ன்வாலுக்கு அளிக்கவில்லை. 2014இல் பிரித்தானிய அரசு கார்ன்வால் மக்களைத் தேசியச் சிறுபான்மையினராக ஏற்றுக்கொண்டது. ஆயினும் தொகுதிச் சட்டம் மாறவில்லை. 2018இல் அளிக்கப்பட்ட அறிக்கையும் ஆற்றைக் கடந்த தொகுதியையே கூறியது.

அத்திட்டம் நடைமுறைக்கு வரவில்லை. 2020ஆம் ஆண்டுச் சட்டம் 650 இடங்களையே நிலைநிறுத்தியது. சராசரி 73,393 ஆனமையால், ஆறு தொகுதிகளுக்கு 418,344 வாக்காளரே போதுமாயிற்று. கார்ன்வால் அவ்வளவைக் கடந்திருந்தது. ஆகவே 2024 ஜூலை 4ஆம் நாள் தேர்தலில், சிறு மாற்றங்களோடு அதே ஆறு தொகுதிகளும் கோட்ட எல்லைக்குள்ளேயே அமைந்தன.

ஆனால், கார்ன்வாலைக் காத்தது கணக்கேயன்றிச் சட்டத்தின் பாதுகாப்பன்று என்பதை மறத்தலாகாது. வாக்குகள் சம மதிப்புடையனவாதல் வேண்டும் என்பது நியாயம். ஒரு மண்ணின் மக்கள் ஒருங்கே நின்று தம் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும் என்பதும் நியாயம். இவ்விரண்டும் மோதும்போது, இன்றைய சட்டம் முதலாவதையே மேலாகக் கொள்கிறது. அடுத்த எல்லை ஆய்வின் அறிக்கை 2031க்குள் வருதல் வேண்டும். அப்போதைய வாக்காளர் தொகை இரு அளவுகளுக்கும் இடைப்பட்டு நிற்குமாயின், டாமர் ஆற்றைக் கடப்பதா என்னும் வினா மீண்டும் எழும்.