20 வருஷ அனுபவசாலிக்கு யார் பாடம் எடுப்பது? எக்ஸிகியூட்டிவ் எம்பிஏ வகுப்பறை இயங்குவது இப்படித்தான்!

‘இதெல்லாம் எங்க கம்பெனியில நடக்காது சார்!’ எக்ஸிகியூட்டிவ் எம்பிஏ வகுப்பில் இப்படி ஒரு குரல் எழுவது சகஜம். எதிரே இருப்பவர்கள் ஆலை மேலாளர், வங்கி அதிகாரி, ஐடி டீம் லீடர். இவர்களுக்கு எப்படிப் பாடம் நடத்துகிறார்கள்?

எப்போது தொடங்கியது?

வேலையில் இருப்பவர்களுக்கான முதல் எக்ஸிகியூட்டிவ் எம்பிஏ-வை 1943-ல் சிகாகோ பல்கலைக்கழகம் தொடங்கியது. இன்று ஐஐஎம்-களும் இத்தகைய படிப்புகளை நடத்துகின்றன.

என்ன வித்தியாசம்?

‘இதை ஏன் படிக்கணும்?’ என்பது புரிந்தால்தான் பெரியவர்கள் படிப்பார்கள். அவர்களின் அனுபவமே முக்கியமான பாடப்பொருள் என்றார் அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ்.

வகுப்பில் என்ன நடக்கும்?

லெக்சரைவிட ‘கேஸ்’ விவாதமே அதிகம். ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் 1921-லேயே இதற்கென கேஸ் எழுதத் தொடங்கிவிட்டது. உதாரணத்துக்கு, ஷிப்ட் முடியும் முன்பே தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிடுகிறார்கள் என வைத்துக்கொள்வோம். ‘சம்பளத்தைப் பிடிங்க’ என்பார் உற்பத்தி மேலாளர். ‘ஏன்னு கேட்டீங்களா?’ என்பார் ஹெச்ஆர். பேராசிரியர் உடனே தீர்ப்பு சொல்ல மாட்டார். ‘உங்க முடிவு எந்தச் சூழல்ல தோத்துப்போகும்?’ என்று இருவரையும் கேட்பார்.

சிக்கல் எங்கே?

இந்த மாணவர்களின் பலமே அனுபவம்தான். ஆனால் நேற்று ஜெயித்த வழியையே இன்றும் பிடித்துக்கொள்ள வைப்பதும் அதுதான். அதை மட்டம் தட்டாமல் கேள்வி கேட்க வைப்பதே ஆசிரியரின் வேலை.

லட்சங்களில் கட்டணம், பறிபோகும் வார இறுதிகள். அதனால் சேரும் முன் ஒரு டெமோ வகுப்பில் உட்கார்ந்து பாருங்க. பேராசிரியர் மட்டுமே பேசிக்கொண்டிருந்தால், கொஞ்சம் யோசிங்க!