கஞ்சா சூயிங்கம்
கஞ்சா சூயிங்கம் என்பது கஞ்சாச் செடியிலிருந்து பிரித்த சிபிடி அல்லது போதை தரும் டிஎச்சி சேர்த்த சூயிங்கம் ஆகும். புகையோ நாற்றமோ இல்லாதது விற்பனைக்குச் சாதகம். விழுங்கும் பண்டங்களில் இப்பொருட்களின் பெரும்பகுதி கல்லீரலில் சிதைந்துவிடும். மெல்லும்போது ஒரு பகுதி வாயின் உட்சவ்வு வழியே நேராக இரத்தத்தில் கலக்கும். நிக்கோட்டின் சூயிங்கம் வெற்றி கண்டது இவ்வழியில்தான். ஆனால் நிக்கோட்டின் நீரில் கரையும். சிபிடியும் டிஎச்சியும் எண்ணெயில் கரைபவை. அவை பசையிலேயே ஒட்டிக்கொண்டு, துப்பும்போது வீணாகின்றன. இத்தொழிலின் உண்மையான சிக்கல் இதுவே.

சட்டமும் சந்தையைச் சுருக்குகிறது. கனடா 2019 அக்டோபரில் கஞ்சா உணவுப்பொருட்களை அனுமதித்தபோது, ஒரு பொதிக்கு 10 மில்லிகிராம் டிஎச்சி என வரம்பிட்டது. பத்துத் துண்டுகள் கொண்ட பொதியில் துண்டுக்கு 1 மில்லிகிராம்தான் சேர்க்க முடியும். அதிலும் ஒரு பங்கு குப்பைக்கே போகும்.