அடிமைத்தளை அறுத்த காலணித் தொழிலாளி

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் துணை ஜனாதிபதியாக உயர்ந்த ஹென்றி வில்சன், இளமையில் பிறர் நிலத்தில் உழைத்து வளர்ந்தவர். 1812-ஆம் ஆண்டு நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், வறிய குடும்பமொன்றில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜெரமையா கோல்பாத். பத்து வயதில் ஓர் உழவரிடம் ஒப்பந்த வேலையாளாக விடப்பட்டார். இருபத்தொரு வயது நிரம்பி விடுபட்டபோது, அத்தனை ஆண்டு உழைப்புக்கும் அவர் பெற்ற கூலி ஆறு செம்மறியாடுகளும் ஒரு சோடி எருதுகளுமே. அவற்றை விற்று, தம் பெயரையும் மாற்றிக்கொண்டு, மாசசூசெட்ஸ் மாநிலத்து நேட்டிக் என்னும் ஊருக்கு நடந்தே சென்று காலணி தைக்கக் கற்றார்.

1836-இல் உடல்நலம் குன்றிய அவர், தேறும்பொருட்டு வாஷிங்டன் நகருக்குச் சென்றார். நாடாளுமன்றம் கூடும் அந்நகரிலேயே, மனிதரை ஆடுமாடுகளைப்போல் அடைத்து விற்கும் பட்டியைக் கண்டு மனம் பதறினார். அன்று முதல் அடிமைமுறையை எதிர்ப்பதே அவர்தம் வாழ்வின் பணியாயிற்று. 1855-இல் செனட் சபை உறுப்பினரானார். அவர் கொணர்ந்த மசோதா 1862 ஏப்ரல் 16-ஆம் நாள் சட்டமாகி, அதே வாஷிங்டனில் அடிமைகளாயிருந்த ஏறத்தாழ மூவாயிரம் பேரை விடுவித்தது.

ஆயினும் கத்தோலிக்கராகிய நாம் ஒன்றை மறைக்கலாகாது. 1854-இல் வில்சன் சேர்ந்த கட்சி, அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் பிழைக்க வந்த கத்தோலிக்கரைப் பகைத்த கட்சியாகும். மறு ஆண்டே அதன் மாநாட்டை விட்டு வெளியேறினார். அதுவும் அக்கட்சி அடிமைமுறையை எதிர்க்க மறுத்தமையாலேயே. கறுப்பின மக்களின் துயரைக் கண்ட கண்கள், கத்தோலிக்க ஏழையின் துயரை அன்று காணவில்லை.

அதற்காக அவர்மீது கல்லெறிய நமக்குத் தகுதியுண்டோ? 1838-இல் மேரிலாந்து இயேசு சபையார் 272 அடிமைகளை விற்றனர். மறு ஆண்டு திருத்தந்தை பதினாறாம் கிரகோரியார் அடிமை வாணிபத்தைக் கண்டித்து மடல் விடுத்தார். அதன் பின்னரும் அமெரிக்கக் கத்தோலிக்கருள் விடுதலை இயக்கத்தில் சேர்ந்தோர் மிகச் சிலரே.

1873-இல் துணை ஜனாதிபதியான வில்சன், அடிமை ஆதிக்கத்தின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் மூன்று தொகுதிகள் கொண்ட வரலாறாக எழுதினார். கடைசித் தொகுதி அச்சேறுவதைக் காணாமலே, 1875 நவம்பர் 22-ஆம் நாள், நாடாளுமன்றக் கட்டடத்திலேயே உயிர் நீத்தார்.

ஓர் அநீதியைத் தீரத்துடன் எதிர்ப்பவரும் மற்றோர் அநீதிக்குத் துணைபோகக் கூடும். நம் கண்களுக்கு இன்று படாத கண்ணீர் எவருடையது? குடும்ப செபத்தின்போது நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.