சூரியன் சூடாக்கிய தண்ணீர் பாய்லருக்குப் போனால் விறகு எவ்வளவு மிச்சம்?



சூரிய சக்தி என்றாலே நாம் எல்லோரும் கரண்ட் எடுக்கும் நீலப் பலகையைத்தான் நினைக்கிறோம். ஆனால் சூரியன் கொடுப்பது வெளிச்சம் மட்டும் இல்லை, சூடும்தான். அந்தச் சூட்டைக் கரண்டாக மாற்றாமல் அப்படியே தண்ணீரில் பிடித்து, பாய்லருக்கு அனுப்பினால் என்ன லாபம்? இதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. என் அப்பா துணிக்குச் சாயம் போடும் ஒரு சின்னப் பட்டறையில் பாய்லருக்கு விறகு தள்ளும் வேலை செய்கிறார். விறகு விலை ஏறிக்கொண்டே போவதால் வாரத்தில் இரண்டு நாள் பட்டறையை நிறுத்திவிடலாமா என்று முதலாளி யோசிக்கிறாராம். இரண்டு நாள் வேலை போனால் எங்கள் வீட்டில் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. "பாப்பா, மாடியில சோலார் வெச்சா விறகு எவ்ளோ மிச்சமாகும்னு உன் புஸ்தகத்த பாத்து கணக்கு போட்டுக் குடு" என்று அப்பா கேட்டார். அந்தக் கணக்குதான் இது.

பாய்லர் என்ன செய்கிறது?

பாய்லர் என்பது மூடிய பெரிய இரும்புப் பானை. உள்ளே தண்ணீர், கீழே நெருப்பு. தண்ணீர் நீராவியாகி அழுத்தத்தோடு குழாய் வழியாகப் போகும். சாயப்பட்டறை, அரிசி புழுக்கும் மில், பால் பண்ணை, ஆஸ்பத்திரி, பெரிய சமையல்கூடம் எல்லாவற்றிலும் பாய்லர் உண்டு. எங்கள் முதலியார்பேட்டை கடலூர் ரோட்டில் உள்ள ஏ.எஃப்.டி. மில் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1898-ல் தொடங்கிய அந்த மில்லைப் பழைய ஆட்கள் இன்னும் ரோடியர் மில் என்றுதான் சொல்வார்கள். 2020-ல் அதை மூடிவிட்டார்கள். நூலுக்குக் கஞ்சி போட, துணியை வெளுக்க, சாயம் ஏற்ற என்று துணித் தொழிலில் எதைத் தொட்டாலும் சுடுதண்ணீரும் நீராவியும் வேண்டும். அதனால் துணித் தொழில் நடக்கும் ஊரில் எரிபொருள் செலவு என்பது கூலிக்காரர் வீட்டு அடுப்பு வரைக்கும் வந்து நிற்கும் விஷயம்.

இரண்டு விதமான சூடு

நம் அறிவியல் பாடத்தில் தன்வெப்பம், உள்ளுறை வெப்பம் என்று இரண்டு வருகிறது அல்லவா? மனப்பாடம் செய்து மார்க் வாங்கிவிட்டு மறந்துவிடுகிறோம். இந்தக் கணக்குக்கு அந்த இரண்டும்தான் சாவி.

ஒரு கிலோ தண்ணீரை 1 டிகிரி சூடாக்க 1 கிலோ கலோரி வேண்டும். நம் ஊர்த் தொட்டித் தண்ணீர் சுமார் 30 டிகிரி இருக்கும். அதை 100 டிகிரி வரை கொண்டுபோக 70 கிலோ கலோரி. ஆனால் 100 டிகிரி ஆனவுடன் தண்ணீர் ஆவியாகிவிடாது. அந்த ஒரு கிலோவை முழுவதும் ஆவியாக்க இன்னும் 540 கிலோ கலோரி தரவேண்டும். இதுதான் உள்ளுறை வெப்பம். தெர்மாமீட்டரில் ஏறாது, ஆனால் விறகைத் தின்னும். மொத்தம் 70 + 540 = 610 கிலோ கலோரி. (பாய்லரில் அழுத்தம் அதிகம் என்பதால் இந்த எண் கொஞ்சம் மாறும், ரொம்ப மாறாது.)

இப்போது சூரியனைக் கூப்பிடுவோம். மாடியில் வைக்கும் சாதாரணத் தட்டைச் சோலார் ஹீட்டர் தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடாக்கும். 30-ல் இருந்து 60 என்றால் 30 கிலோ கலோரி மிச்சம். 610-ல் 30 என்பது நூற்றுக்கு 5. பாய்லர் வேலை தெரிந்தவர்கள் வாய்க்கணக்காகவே ஒன்று சொல்வார்கள்: உள்ளே போகும் தண்ணீரில் 6 டிகிரி கூடினால் எரிபொருளில் நூற்றுக்கு 1 மிச்சம். 30 டிகிரிக்கு 5. நம் புத்தகக் கணக்கும் அவர்கள் கணக்கும் ஒத்துப்போகிறது பாருங்கள்!

நூறு கட்டையில் ஐந்து கட்டை. "அவ்ளோதானா?" என்று அப்பா முகம் வாடிவிட்டது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் கணக்கு இங்கே முடியவில்லை.

தண்ணீர் எங்கே அதிகம் போகிறது?

பட்டறையில் நீராவியை வைத்து என்ன செய்கிறார்கள் என்று அப்பாவிடம் கேட்டேன். பாதிக்கு மேல் சாயத் தொட்டித் தண்ணீரைச் சூடாக்கத்தான் போகிறதாம். அதாவது விறகு எரித்து, தண்ணீரை ஆவியாக்கி, அந்த ஆவியை வேறு ஒரு தண்ணீருக்குள் விட்டுச் சூடாக்குகிறார்கள்.

1000 லிட்டர் சாயத் தொட்டி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 30-ல் இருந்து 60 டிகிரி ஆக்க 30,000 கிலோ கலோரி. அதற்கு நீராவி சுமார் 50 கிலோ போதும். பாய்லர் குடிக்கும் தண்ணீர் வெறும் 50 லிட்டர், தொட்டி குடிப்பது 1000 லிட்டர்! 50 லிட்டரை வெயிலில் காயவைத்தால் ஐந்து பங்குதான் மிச்சம். அந்த 1000 லிட்டரையே வெயிலில் சூடாக்கித் தொட்டியில் விட்டால் 60 டிகிரி வரைக்கும் நீராவியே வேண்டாம். அதற்கு மேல் கொதிக்க வைக்க வேண்டியதற்கு மட்டும் பாய்லர் போதும். ஆகவே பாய்லருக்கு முன்னால் சூரியனை வைப்பது நல்லது, சாயத் தொட்டிக்கு முன்னால் வைப்பது அதைவிட நல்லது. இரண்டுக்கும் ஒரே சுடுதண்ணீர் டேங்கிலிருந்து குழாய் போடலாம்.

விறகில் சொல்கிறேன். நன்றாகக் காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 3500 கிலோ கலோரி இருக்கும். சின்ன பாய்லரில் புகைபோக்கி வழியாகப் போவது போக 60 சதவீதம்தான் தண்ணீருக்குச் சேரும், அதாவது 2100. 30,000-ஐ 2100-ஆல் வகுத்தால் 14 கிலோ விறகு. தினம் 1000 லிட்டருக்கு 14 கிலோ. வருஷத்தில் 300 நாள் வெயில் என்று வைத்தால் 4200 கிலோ! நாலு டன் விறகு வெட்டப்படாமல் மரமாகவே நிற்கும். டீசல் பாய்லராக இருந்தால் நாளைக்கு நாலரை லிட்டர் மாதிரி மிச்சம்.

மாடியில் என்ன வைக்க வேண்டும்?

சோலார் ஹீட்டரில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. கறுப்பு பூசிய செம்புத் தகடு, அதோடு ஒட்டிய செம்புக் குழாய்கள், மேலே கண்ணாடி, அடியில் சூடு வெளியே போகாமல் கண்ணாடிப் பஞ்சு. வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வரும், தகடு சூடாகும், அந்தச் சூடு கண்ணாடியைத் தாண்டி எளிதில் வெளியே போகாது. சூடான தண்ணீர் லேசாகி மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும். அதனால் டேங்கைப் பெட்டிக்கு மேலே வைத்தால் மோட்டாரே இல்லாமல் தண்ணீர் தானாகச் சுற்றும். (பெரிய அளவில் வைக்கும்போது சின்னப் பம்பு போடுவார்கள்.)

100 லிட்டருக்கு 2 சதுர மீட்டர் பெட்டி என்பது பொதுவான கணக்கு. 1000 லிட்டருக்கு 20 சதுர மீட்டர், அதாவது பத்துப் பெட்டி. புதுச்சேரி பூமத்திய ரேகைக்கு வடக்கே 12 டிகிரியில் இருப்பதால் பெட்டிகள் தெற்குப் பார்த்துக் கொஞ்சம் சாய்ந்து இருக்கவேண்டும்.

கவனிக்க வேண்டியவை

1. உப்புத் தண்ணீர்: நம் பக்கம் பல இடத்தில் போர்த் தண்ணீர் கடினநீர். டீ போடும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதுவே செம்புக் குழாயிலும் பாய்லரிலும் படிந்தால் சூடு உள்ளே ஏறாது. சாஃப்ட்னரில் விட்டு மென்நீராக்கிய பிறகே அனுப்பவேண்டும்.

2. கடல் காற்று: இரும்பு ஸ்டாண்டு சீக்கிரம் துருப்பிடிக்கும். பெயிண்ட் அடித்து வைக்கவேண்டும்.

3. புயல்: 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் நம்மை என்ன பாடு படுத்தியது என்று பெரியவர்களைக் கேளுங்கள். 2024 நவம்பரில் ஃபெஞ்சல் வந்ததை நாமே பார்த்தோம். பெட்டிகளைக் கான்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்காவிட்டால் பறந்துவிடும்.

4. மழைக்காலம்: அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேகமூட்டம். அப்போது விறகுதான் கை கொடுக்கும். அதனால் பாய்லரைக் கழற்றிவிட முடியாது. சூரியன் உதவிக்கு வரும் ஆள், அவ்வளவுதான்.

இன்னொரு நன்மையும் உண்டு. பச்சைத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் பாய்லர் இரும்பை அரிக்கும். தண்ணீர் சூடாகும்போது அதில் ஒரு பகுதி முன்பே வெளியேறிவிடும். கொதிக்கிற பாய்லருக்குள் திடீரென்று குளிர்ந்த தண்ணீர் போகாததால் இரும்புக்கும் நல்லது.

நம் பக்கத்தில் செய்து காட்டியவர்கள்

பக்கத்து ஆரோவில்லில் 1997-ல் 'சோலார் கிச்சன்' கட்டினார்கள். அதன் கூரையில் 15 மீட்டர் அகலத்தில் ஒரு பெரிய கண்ணாடிக் கிண்ணம்! கிண்ணம் அசையாது. சூரியன் நகர நகர, வெப்பத்தை வாங்கும் குழாய் மட்டும் நகரும். அந்தச் சூட்டில் நீராவி உண்டாக்கி ஆயிரம் பேருக்குச் சமைக்கும் அளவுக்குத் திட்டமிட்டார்கள். கூடவே டீசல் பாய்லர் ஒன்றும் வைத்தார்கள். வெயில் குறைந்த நேரத்தில் குறைந்த சூட்டை அது ஈடுகட்டும். நான் மேலே சொன்ன 'உதவி ஆள்' முறையேதான்.

திருப்பதி திருமலையில் 2002-ல் 106 வட்டக் கண்ணாடிகள் வைத்து, ஒரு நாளைக்கு 4000 கிலோ நீராவி எடுத்து, 15,000 பேருக்குச் சமைக்கும் ஏற்பாடு செய்தார்கள். அதையும் ஏற்கெனவே இருந்த டீசல் பாய்லரோடு இணைத்தார்கள்.

உங்களுக்குத் தெரியுமா?

* 1878-லேயே மும்பையில் வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேயர் பல கண்ணாடிகளை ஒரு பாய்லர் மேல் திருப்பி, நீராவி இயந்திரம் ஓட்டிக் காட்டினார்.

* அதே 1878-ல் பாரிஸ் கண்காட்சியில் மூஷோ என்ற பிரெஞ்சு ஆசிரியர் சூரிய வெப்பத்தை வைத்து ஐஸ் கட்டி செய்து எல்லோரையும் அசத்தினார். அப்போது நம் புதுச்சேரியும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது.

கணக்கை ஒரு தாளில் அழகாக எழுதி அப்பாவிடம் கொடுத்தேன். முதலாளி இரண்டு தடவை படித்துவிட்டு, "பத்துப் பெட்டிக்கு இப்போ பணம் இல்ல, மொதல்ல ரெண்டு பெட்டி வெச்சு பாப்போம், மழை முடியட்டும்" என்றாராம். இரண்டு பெட்டிக்கு 200 லிட்டர், மூன்று கிலோ விறகுக்குக் கொஞ்சம் குறைவு. சிறு துளி பெரு வெள்ளம் என்று நாம்தானே கட்டுரையில் எழுதுகிறோம்! பட்டறை நிற்காமல் ஓடினால் அதுவே எங்களுக்குப் போதும்.

நீங்களும் செய்து பாருங்கள்: ஒரே அளவு டின் இரண்டு எடுத்து, ஒன்றுக்குக் கறுப்பு, ஒன்றுக்கு வெள்ளை பூசுங்கள். தண்ணீர் ஊற்றி மூடி, காலை பத்து மணிக்கு வெயிலில் வையுங்கள். மதியம் அறிவியல் டீச்சரிடம் தெர்மாமீட்டர் கேட்டு வாங்கி இரண்டையும் அளந்து எழுதுங்கள்.

யோசிக்க ஒரு கேள்வி: நம் பள்ளி மதிய உணவுக்கு 50 லிட்டர் உலைத் தண்ணீரை 60 டிகிரியில் அடுப்பில் வைத்தால் எத்தனை கிலோ கலோரி மிச்சமாகும்? சரியான விடையை இந்தத் தாளுக்குக் கீழே பென்சிலால் எழுதுங்கள். விடை அடுத்த இதழில்.



- ஒன்பதாம் வகுப்பு மாணவி, முதலியார்பேட்டை