வழவழ தாள் வழுக்கியது ஏன்?

(இறுதியாண்டு மாணவி, அச்சுத் தொழில்நுட்பப் பிரிவு)



"பெண்கள் பத்திரிகையா? அதை யாருப்பா இப்பப் படிக்கிறா?" என்று மெக்கானிக்கல் பிரிவு நண்பர்கள் சிரிப்பது காதில் விழுகிறது. நல்ல கேள்விதான். யாரும் ஏன் படிப்பதில்லை என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "செல்போன் வந்துச்சு, பத்திரிகை போச்சு." நான்கே வார்த்தையில் கேஸ் முடிந்தது! அச்சுத் தொழில்நுட்பம் படிக்கிற எங்களிடம் சொல்லும்போது கூடவே ஒரு அனுதாபப் பார்வையும் இலவசம். ஆனால் இந்தப் பதில் பாதிதான் சரி. மீதிப் பாதிக்கு நாம் அமெரிக்கா வரை போய்வர வேண்டும். வழவழ தாளில் வரும் பெண்கள் பத்திரிகைகள் கொழுத்து வளர்ந்ததும், பிறகு இளைத்துப் போனதும் அங்கேதான் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது. 1996ல் இந்தியப் பதிப்பாக நம் ஊர்க் கடைகளுக்கு வந்த 'காஸ்மோபாலிட்டன்' கூட அங்கிருந்து முளைத்த கிளைதானே!

முதலில் ஒரு புதிர் போடுகிறேன். 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' என்று ஒரு மாத இதழ். 1883ல் தொடங்கியது. 2014 ஏப்ரலில், இனி மாத இதழாக வராது என்று அதன் நிறுவனம் அறிவித்தது. அன்றைக்கு அது எத்தனை பிரதிகள் போய்க்கொண்டிருந்தது தெரியுமா? 30 லட்சத்துக்கும் மேல்! நம்ம ஆண்டு மலரை 600 பிரதி போடுவதா 700 போடுவதா என்று கமிட்டியில் நடந்த சண்டையை நினைத்துப் பாருங்கள். 30 லட்சம் வீட்டுக்குப் போகும் பத்திரிகையை யாராவது மூடுவார்களா?

மூடினார்கள். காரணம், அந்தப் பத்திரிகையை வாங்கியவர்கள் அந்த 30 லட்சம் பேர் இல்லை!

குழப்புகிறேனா? எங்கள் துறையிலிருந்தே தொடங்குகிறேன். செய்தித்தாளில் மை தாளுக்குள் ஊறிப் பரவிவிடும். அதனால் படம் மங்கல். ஆர்ட் பேப்பர் அப்படி இல்லை. தாளின் மேல் கயோலின் என்கிற வெள்ளைக் களிமண்ணையோ கால்சியம் கார்பனேட்டையோ பூசி, உருளைகளுக்கு நடுவே விட்டு அழுத்தித் தேய்ப்பார்கள். துணிக்கு இஸ்திரி போடுவது மாதிரி. மை உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். ஹாஃப்டோன் புள்ளிகள் கூர்மையாக விழும். உதட்டுச்சாயத்தின் சிவப்பு அப்படியே பளிச்சென்று சிவப்பாக வரும். ஆனால் இந்தத் தாள் விலை அதிகம், கனமும் அதிகம். கனம் அதிகமென்றால் தபால் செலவும் அதிகம். இத்தனை செலவில் அடித்த இதழை ஆண்டுச் சந்தா 10, 12 டாலருக்கு வீட்டு வாசலில் கொண்டுபோய்ப் போட்டார்கள். பல இதழ்களில் அந்தச் சந்தா தாளுக்கும் தபாலுக்குமே காணாது.

அப்புறம் எப்படிக் கட்டுப்படியானது? விளம்பரம்! கட்டுரை படிக்க வழவழ தாள் எதற்கு? சாதா தாளிலேயே படிக்கலாம். ஷாம்பூவும் சென்ட்டும் மின்ன வேண்டும் என்பதற்குத்தான் அந்த வழவழப்பு. "இத்தனை லட்சம் பிரதி கட்டாயம் போகும், குறைந்தால் ஈடு செய்கிறோம்" என்று பத்திரிகைக்காரர் விளம்பரதாரருக்கு வாக்குக் கொடுப்பார். அந்தக் கணக்கைக் காப்பாற்றத்தான் அடிமாட்டு விலைக்குச் சந்தா. பல் டாக்டர் வீட்டு வரவேற்பறை வரைக்கும் பிரதிகள் போகும். ஆக, விற்பனைப் பொருள் பத்திரிகை இல்லை. அதைப் புரட்டும் பெண்ணின் கண்கள்தான் பொருள். வாங்குகிறவர் விளம்பரதாரர். அவர் வேறு கடைக்குப் போய்விட்டால் 30 லட்சம் சந்தாதாரர் இருந்தென்ன, இல்லாமல் என்ன!

இதில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. இத்தனை மலிவாகக் கிடைக்கும்போது, ஒருத்திக்குப் பத்திரிகை சலித்துப் போனாலும் சந்தா ஓடிக்கொண்டே இருக்கும். எண்ணிக்கை குறையாமலே ஆர்வம் குறைந்துவிடும். கடையில் நின்று காசு கொடுத்து எடுக்கிற பிரதிதான் ஆர்வத்துக்குத் தெர்மாமீட்டர். 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு அந்தப் பாதரசம் இறங்கியது, ஏறவே இல்லை.

சரி, ஆர்வம் ஏன் போச்சு? ஆரம்பத்திலிருந்தே இப்படித்தானா? அதுதான் இல்லை! இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த கதை ஒன்று வருகிறது.

அதே லேடீஸ் ஹோம் ஜர்னலுக்கு 1889ல் எட்வர்ட் பாக் என்பவர் ஆசிரியராக வந்தார். அந்தக் காலத்தில் அமெரிக்கப் பத்திரிகைகளுக்குக் கொள்ளைப் பணம் கொடுத்தவை 'சகல நோய் நிவாரணி' மருந்துக் கம்பெனிகள். பல மருந்துகளில் இருந்தது சாராயம்தான். இனி இந்த விளம்பரங்களே வேண்டாம் என்று 1892ல் அந்தப் பத்திரிகை அறிவித்தது. அதோடு விடவில்லை. லிடியா பிங்க்ஹாம் என்ற பெண்மணியின் பெயரில் ஒரு மருந்து. "உங்கள் அந்தரங்க உபாதைகளைத் திருமதி பிங்க்ஹாமுக்கு எழுதுங்கள், பதில் கிடைக்கும்" என்று விளம்பரம் வரும். பாவம், பெண்கள் நம்பி எழுதிக் கொட்டினார்கள். பாக் என்ன செய்தார் தெரியுமா? அந்த அம்மாளின் கல்லறைக் கல்லைப் போட்டோ எடுத்துப் பத்திரிகையில் போட்டுவிட்டார்! லிடியா பிங்க்ஹாம் இறந்தது 1883ல். அவர் இறந்து 20 ஆண்டுக்கு மேலாகியும் விளம்பரம் நடந்துகொண்டிருந்தது. பாக்கும் வேறு சில பத்திரிகைக்காரர்களும் போட்ட போட்டில் 1906ல் உணவு, மருந்துத் தூய்மைச் சட்டமே வந்தது. விளம்பரக் காசை வேண்டாமென்று தள்ளிய அந்தப் பத்திரிகை படுத்துவிட்டதா? 1903லேயே 10 லட்சம் சந்தாதாரர்களைத் தாண்டிவிட்டது!

பாக் ஒன்றும் பெண் விடுதலை வீரர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டாம் என்றவர் அவர். ஆனால் வாசகியை ஏமாற்ற ஒருவன் வந்தால் அவள் பக்கம் நின்றார்.

இந்தப் பக்கம் நிற்கிற வழக்கம்தான் பின்னால் மெல்ல மெல்லத் தேய்ந்து போனது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சமையலறைச் சாமான், சோப்பு, அழகுசாதனம் என்று விளம்பரம் வெள்ளமாக வந்தது. பெட்டி ஃப்ரீடன் தாமே இந்த இதழ்களுக்கு எழுதியவர். பழைய இதழ்களை எல்லாம் எடுத்துவைத்துப் படித்துப் பார்த்து 1963ல் தம் நூலில் ஒரு வேடிக்கையைக் காட்டினார். 1930களில் இந்தப் பத்திரிகைக் கதைகளின் நாயகிகள் வேலைக்குப் போனார்கள். 1949க்குப் பிறகு பார்த்தால் அத்தனை நாயகிகளும் வீட்டுக்குள்! நிஜத்தில் வேலைக்குப் போகும் பெண்கள் கூடிக்கொண்டே இருந்தார்கள். கதையில் மட்டும் குறைந்துகொண்டே போனார்கள்.

1970 மார்ச் 18 அன்று நூறு பெண்களுக்கு மேல் லேடீஸ் ஹோம் ஜர்னல் ஆசிரியர் ஜான் மேக் கார்ட்டரின் அறைக்குள் நுழைந்து உட்கார்ந்துவிட்டார்கள். நம்ம பாஷையில் 'கெரோ'! பெண்களுக்கான பத்திரிகைக்குப் பெண்தான் ஆசிரியராக இருக்க வேண்டும், பெண்ணை இழிவுபடுத்தும் விளம்பரம் கூடாது என்பதெல்லாம் கோரிக்கைகள். பதினோரு மணி நேரம் நகரவில்லை. கடைசியில் கிடைத்தது, ஆகஸ்ட் இதழில் தாங்களே எழுதிக்கொள்ள எட்டுப் பக்கம்.

அந்தப் பெண்கள் கேட்டதை முழுசாகச் செய்ய முடியாமல் போனதற்கு என்ன காரணம் என்று கிளோரியா ஸ்டெய்னம் 1990ல் எழுதிய கட்டுரை புட்டுப்புட்டு வைத்தது. அவர் 1972ல் தோழிகளோடு 'மிஸ்' என்ற இதழைத் தொடங்கி, பதினெட்டு ஆண்டு விளம்பரதாரர்களிடம் படாத பாடு பட்டவர். அவர் சொல்வது இதுதான். கார் கம்பெனியோ கம்ப்யூட்டர் கம்பெனியோ மற்றப் பத்திரிகைகளுக்கு வெறும் விளம்பரம் கொடுக்கும். பெண்கள் பத்திரிகை என்றால் மட்டும் கூடவே நிபந்தனை வரும். ஷாம்பூ விளம்பரம் வேண்டுமா, பக்கத்தில் முடியழகுக் கட்டுரை இருக்க வேண்டும். உணவுப் பொருளா, சமையல் குறிப்பு இருக்க வேண்டும். தலைச்சாயத்தில் உள்ள ரசாயனம் பற்றி நாடாளுமன்ற விசாரணை நடந்த செய்தியை மற்றப் பத்திரிகைகளும் போட்டன, மிஸ்ஸும் சின்னதாகப் போட்டது. கிளேரால் கம்பெனிக்குக் கோபம் வந்தது மிஸ் மீது மட்டும்! நாடு கடத்தப்பட்ட சோவியத் பெண்களை 1980ல் அட்டையில் போட்டார்கள். ரெவ்லான் விளம்பரம் கைநழுவியது. ஏனாம்? அட்டையில் இருந்த பெண்கள் மேக்கப் போட்டிருக்கவில்லையாம்! சிரிப்பதா, அழுவதா? 1990ல் மிஸ் விளம்பரமே இல்லாத இதழாக மறுபடி வெளிவந்தது. அந்த முதல் இதழில்தான் இந்தக் கட்டுரை.

இப்போது புரிகிறதா, வழவழ இதழ்களில் ஏன் வருஷா வருஷம் அதே கோடைக்கால டயட், அதே 'பத்து நாளில் பளபளப்பு', அதே 'அவர் மனசில் இடம்பிடிக்க 20 வழி' என்று? எழுதத் தெரியாமல் இல்லை. விளம்பரத்துக்குப் பக்கத்துணையாக வேறு எதை எழுதினாலும் வம்பு. 'வோக்' இதழின் 2007 செப்டம்பர் இதழ் மொத்தம் 840 பக்கம். ஏறக்குறைய 2 கிலோ எடை! அதில் விளம்பரம் மட்டும் 727 பக்கம். கணக்குப் போட்டுப் பாருங்கள், வாசகிக்கு மிச்சம் 113 பக்கம். பொருளடக்கம் எங்கே என்று தேடவே தனிப் பொறுமை வேண்டும். எங்கள் ஹாஸ்டலில் ஒரு அக்கா வைத்திருந்த பழைய இறக்குமதி இதழ் ஒன்றை நான் புரட்டியபோது, முதல் கட்டுரை வருவதற்குள் மெஸ் மணி அடித்துவிட்டது!

அடுத்தது படம். முன்பெல்லாம் நெகட்டிவில் தூரிகை வைத்து 'டச்சிங்' செய்வார்கள், அதற்கே ஒரு கைத்திறன் வேண்டும். கம்ப்யூட்டர் வந்ததும் அது விளையாட்டாகிப் போனது. ரீடச் செய்யாத அட்டைப்படத்தைக் கொண்டுவருபவருக்கு 10,000 டாலர் பரிசு என்று 2007ல் 'ஜெஸபெல்' இணையதளம் அறிவித்தது. 'ரெட்புக்' ஜூலை இதழின் அட்டைக்காக எடுத்த, பாடகி ஃபெய்த் ஹில்லின் அசல் படம் வந்து விழுந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். கண்ணோரச் சுருக்கம் காணோம், முதுகு மடிப்பு காணோம், கை பாதியாய் இளைத்திருந்தது. அந்த அம்மாள் அசலிலேயே அழகிதான்! அவருக்கே இவ்வளவு வெட்டு ஒட்டு என்றால், அதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடி முன் நின்று தன்னையே திட்டிக்கொண்ட லட்சக்கணக்கான பெண்கள் என்ன நினைத்திருப்பார்கள்? 2012ல் ஒரு 14 வயதுப் பள்ளி மாணவி, 'செவன்டீன்' இதழ் மாதம் ஒரு தடவையாவது திருத்தாத படங்களைப் போட வேண்டும் என்று மனு போட்டாள். 80,000 பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். பெண்களின் உடல், முக வடிவத்தை மாற்ற மாட்டோம் என்று ஆகஸ்ட் இதழில் ஆசிரியர் குழு எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்தச் சிறுமி பத்திரிகையே வேண்டாம் என்று சொல்லவில்லை, கவனியுங்கள். நிஜ முகம் வேண்டும் என்றுதான் கேட்டாள்.

செல்போன் வருவது இதற்கெல்லாம் பிறகுதான். மாத இதழில் படம் எடுப்பது மூன்று மாதம் முந்தி. கோடை உடைகளைக் குளிரில் நடுங்கிக்கொண்டே போட்டோ எடுப்பார்கள். போனில் அன்றன்றைக்கே வந்துவிடுகிறது. வாசகி தயாராக இருந்தாள், கதவு மட்டும் திறக்க வேண்டியிருந்தது. விளம்பரதாரரும் பின்னாலேயே ஓடினார். இதழ்கள் மளமளவென்று சாய்ந்தன. 'செல்ஃப்' 2017 பிப்ரவரியோடு அச்சில் நின்றது. 1939ல் தொடங்கிய 'கிளாமர்' 2019 ஜனவரியோடு மாத அச்சை விட்டது. ரெட்புக்கும் அதே வாக்கில் போனது. 'ஃபேமிலி சர்க்கிள்' 2019 டிசம்பரோடு சரி.

போனில் மட்டும் என்ன வாழுகிறதாம் என்று கேட்பீர்கள். நியாயம்தான். அங்கேயும் சிரித்துக்கொண்டே க்ரீம் பூசும் அக்காக்கள்தான். காசு வாங்கிக்கொண்டு பேசுகிறார் என்பது பொடி எழுத்தில் ஓர் ஓரமாய் இருக்கும், சில சமயம் அதுவும் இருக்காது. முகத்தை ஒல்லியாக்க இப்போது ரீடச் ஆர்ட்டிஸ்ட்கூட வேண்டாம், ஒரு ஃபில்டர் போதும். ஒரே வித்தியாசம், பதிலுக்குத் திட்டுகிற வசதி இங்கே உண்டு!

பெண்கள் படிப்பதையே விட்டுவிட்டார்கள், அவர்களுக்குக் கனமான விஷயம் பிடிக்காது என்று யாராவது சொன்னால் 'டீன் வோக்' கதையைச் சொல்லுங்கள். உதட்டுச்சாயப் பத்திரிகை என்று பெயர் வாங்கிய இதழ். 2016 டிசம்பரில் அதன் இணையப் பக்கத்தில், டிரம்ப் சொல்லும் பொய்கள் மக்களின் புத்தியையே எப்படிச் சந்தேகப்பட வைக்கின்றன என்று ஓர் அரசியல் கட்டுரை வந்தது. நாடு முழுக்கக் கைமாறிக் கைமாறிப் படித்தார்கள். "அட, டீன் வோக்கா இதை எழுதியது!" என்று பெரிய பெரிய பத்திரிகையாளர்கள் வாயைப் பிளந்தார்கள். படிக்கிற வயசுப் பெண்கள் அரசியல் கட்டுரைக்காகவே அந்தப் பெயரைத் தேடி வந்தார்கள். ஓராண்டு கூட ஆகவில்லை, 2017 நவம்பரில் அதன் அச்சுப் பதிப்பை நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்தது. எழுத்துக்கு வாசகிகள் கிடைத்துவிட்டார்கள். வழவழ தாளுக்குப் பணம் கட்டுகிறவர்தான் கிடைக்கவில்லை.