வெள்ளைக்கல் பூமியின் கடன்

பெயரே சரித்திரத்தைச் சொல்லிவிடும் ஊர்கள் நம் நாட்டில் பல உண்டு. சேலம் நகருக்கு வடமேற்கே, சேர்வராயன் மலையின் அடிவாரத்தில், வெள்ளக்கல்பட்டி என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அப்பக்கத்து ரயில் நிலையம் ஒன்றுக்கு 'மாக்னசைட் ஜங்ஷன்' என்றே பெயர். அங்குள்ள மேடுகளுக்குச் சீமைச் சுண்ணாம்புக் குன்றுகள் என்று ஆங்கிலேயர் பெயர் சூட்டினார்கள். பெயர் பொருத்தமானதன்று. அங்கே இருப்பது சுண்ணாம்பே அல்ல. கரும்பச்சைப் பாறையினூடே வெள்ளை நரம்புகளைப் போல் ஓடும் மாக்னசைட் என்னும் கனிமம்.

இந்தக் கல்லின் பெருமை நெருப்பில்தான் விளங்கும். தூய மாக்னசைட் 84 பங்கு எடுத்துச் சூளையில் இட்டால், 44 பங்கு கரியமில வாயுவாகப் போய்விடும். எஞ்சும் 40 பங்கு மக்னீஷியா. அது உருகுவதற்குச் சுமார் 2,800 டிகிரி உஷ்ணம் வேண்டும். உருக்கோ சுமார் 1,500 டிகிரியிலேயே உருகிவிடும். ஆகவே உருக்கு உலைகளின் உட்சுவருக்கு மக்னீஷியாச் செங்கல் மிகவும் ஏற்றதாயிற்று. நாட்டில் தண்டவாளமும் பாலமும் யந்திரமும் பெருகியதில் சேலத்து வெள்ளைக்கல்லுக்கும் ஒரு பங்கு உண்டு. ராஜ்ய சர்க்கார் 1979-ஆம் ஆண்டில் இதற்கெனத் தமிழ்நாடு மாக்னசைட் நிறுவனத்தை ஏற்படுத்தியதும் இந்த முக்கியத்துவம் கருதியே.

இவையெல்லாம் வரவுக் கணக்கு. செலவுக் கணக்கையும் நாம் பார்க்க வேண்டாமா?

எடுத்ததும் எறிந்ததும்

வெள்ளை நரம்பு மெல்லியது. அதைச் சூழ்ந்த பாறை பெரியது. நரம்பை எடுக்கப் பாறை முழுவதையும் உடைத்தாக வேண்டும். வண்டியேறிச் சூளைக்குப் போவது சிறு பங்கு. பக்கத்தில் கொட்டப்படுவது பெரும் பங்கு. அதனால்தான் ஒரு புறம் ஆழ்ந்த பள்ளங்களும், மறு புறம் மனிதர் கட்டிய மலைகளும் எழுகின்றன.

கொட்டிய பாறை நல்ல மண்ணும் அன்று. இத்தகைய பாறையிலிருந்து உண்டாகும் மண்ணில் மக்னீஷியம் மிகுதி, சுண்ணச் சத்துக் குறைவு; நிக்கல், குரோமியம் போன்ற உலோகங்களும் கலந்திருக்கும். எல்லாச் செடியும் அதில் வேரூன்றாது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் மேலே படிந்த ஒரு முழ மேல்மண்தான் அந்நிலத்தின் உயிர். அதைக் கல்லோடு கல்லாகப் புதைத்துவிட்டால், பிறகு எத்தனை கன்றுகள் நட்டாலும் பயன் சொற்பமே.

நீரின் விஷயமும் இப்படியே. சேர்வராயன் மலையில் பெய்யும் மழை சரபங்கா நதியாகவும் திருமணிமுத்தாறாகவும் ஓடிச் சேலம், நாமக்கல் சமவெளிகளின் ஏரிகளை நிரப்பிக் காவிரியை அடைகிறது. தடுப்பில்லாத மண்குவியலை மழை கரைத்தால், வண்டல் தங்குமிடம் கீழேயுள்ள ஏரிதான். குன்றில் செய்த பிழைக்குச் சமவெளிக் குடியானவன் அபராதம் செலுத்துவது எந்த நியாயம்?

கண்ணுக்குத் தெரியாத பள்ளம்

திறந்த பள்ளமாவது கண்ணுக்குத் தெரியும். தெரியாத பள்ளமும் உலகில் உண்டு. மருந்துக் கடையில் இந்துப்பு என்று வாங்குகிறோமே, அத்தகைய உப்புப் படிவங்களை வெட்டாமலே எடுக்கும் ஒரு முறை இருக்கிறது. ஆழ்குழாய்க் கிணறு தோண்டி நீரைச் செலுத்துவார்கள். நீர் உப்பைக் கரைக்கும். உப்புநீர் வேறொரு குழாய் வழியாக மேலே வரும். மேலே குழாய்களும் தொட்டிகளுமே தெரியும். கீழேயோ பெரிய குகை உருவாகிக்கொண்டிருக்கும்.

பிரேசில் தேசத்து மாசேயோ நகரில் இத்தகைய கிணறுகள் 35 இருந்தன. 2018-இல் அங்கே நிலம் அதிர்ந்தது. வீட்டுச் சுவர்கள் பிளந்தன. உப்பு எடுத்ததே காரணம் என்று அந்நாட்டுப் பூதத்துவ இலாகா 2019-இல் கண்டறிந்தது. அவ்வாண்டே வேலை நின்றது. ஆனால் சுமார் 60,000 ஜனங்கள் குடிபெயர நேர்ந்தது. குகைகளை மணலிட்டு நிரப்பும் வேலை அதன் பிறகே தொடங்கியது. 2023 டிசம்பரில் ஒரு குகை காயலின் அடியில் இடிந்து விழுந்தது. கிணற்றுக்கும் கிணற்றுக்கும் எத்தனை இடைவெளி, குகை எவ்வளவு வளரலாம், எப்போது நிரப்புவது என்ற கேள்விகளுக்கு முதல் கிணறு தோண்டுமுன்பே விடை கண்டிருக்க வேண்டும். வீடுகள் பிளந்த பின் விடை தேடினால், அதன் விலையை ஒரு நகரமே கொடுக்க வேண்டியிருக்கிறது.

முதல் நாளே முடிவு நாளும்

நம் நாட்டுச் சட்டம் இப்பாடத்தை ஓரளவு ஏற்றிருக்கிறது. 2003-இல் கனிமப் பாதுகாப்பு விதிகளைத் திருத்தி, சுரங்கம் மூடும் திட்டத்தைக் கட்டாயமாக்கினார்கள். 2017-இன் புதிய விதிகளின்படி, பெரிய சுரங்கம் நடத்துவோர் பயன்படுத்தும் ஒவ்வொரு ஹெக்டேர் நிலத்துக்கும் 3 லட்சம் ரூபாய் ஜாமீன் கட்ட வேண்டும். 2021-இல் இது 5 லட்சமாக உயர்ந்தது. 2020 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட், வெட்டி முடித்த நிலத்தில் மீண்டும் புல் வளர்க்க வேண்டுமென்று உத்தரவிட்டது. கால்நடைகளுக்குத் தீவனம் கிடைக்க வேண்டும் என்பதே கருத்து.

செய்ய வேண்டியவை ஒன்றும் அதிசய வித்தைகள் அல்ல. மேல்மண்ணைத் தனியே குவித்துப் புல் விதைத்துக் காக்க வேண்டும். கழிவுக் கல்லைச் செங்குத்தாகக் கொட்டாமல் படிப்படியாக அமைத்து, அடியில் தடுப்புச் சுவர் எழுப்ப வேண்டும். குவியலைச் சுற்றி வாய்க்கால் வெட்டி, வண்டல் தங்கும் குட்டையில் சேர்த்துத் தெளிந்த நீரை மட்டும் வெளியே விட வேண்டும். கனிமம் தீர்ந்த பள்ளத்தை அந்தக் கல்லாலேயே நிரப்பலாம். நிரப்ப இயலாததன் கரைகளைச் சரித்து வேலியிட்டால் அது நீர்நிலையாகலாம். பாதை, சூளை, குவியல் ஆகியவற்றின் இடங்களைத் தொடக்கத்திலேயே இதற்கேற்பக் குறித்துவிட்டால் செலவு குறையும். பின்னால் ஒரே கல்லை இரண்டு முறை சுமக்க வேண்டியதில்லை.

இதில் நமக்கென்ன வேலை என்று படித்த குடும்பத்தார் ஒதுங்கிவிடக் கூடாது. 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, பெரிய சுரங்கத் திட்டங்களுக்குக் கலெக்டர் அல்லது அவருடைய பிரதிநிதியின் தலைமையில் பொதுஜன விசாரணை நடத்த வேண்டும்; திட்டத்தின் சுருக்கத்தைத் தமிழிலும் தர வேண்டும். அதை வாங்கிப் படியுங்கள். எழுத்தறியாத அயலாருக்குப் படித்துக் காட்டுங்கள். சபையில் மூன்று கேள்விகள் கேட்டால் போதும். மேல்மண் எங்கே வைக்கப்படும்? மழைநீர் எவ்வழியே போகும்? கடைசி வண்டி கல் போன பிறகு இந்நிலத்தை யார், எந்தப் பணத்தில் பார்த்துக்கொள்வார்கள்?

இவற்றுக்கு எழுத்து மூலம் பதில் கிடைத்த பின் முதல் மண்வெட்டி விழட்டும்.