குதிகால் வலிக்கும், முதுகைப் பாருங்கள்

தென்னையிலிருந்து தவறி விழுபவர் கால் ஊன்றி இறங்கினால் முதலில் நொறுங்குவது குதிகால் எலும்பு. வலியும் வீக்கமும் அங்கே இருப்பதால் ஓடி வருபவர்கள் காலைத்தான் பார்க்கிறார்கள். விழுந்த வேகமோ குதிகாலோடு நிற்பதில்லை. முழங்கால், இடுப்பு வழியாக ஏறி முதுகெலும்பை இடிக்கிறது. இப்படி விழுந்து குதிகால் உடைந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு முதுகெலும்பிலும் முறிவு இருக்கும்.

கேரள-தமிழ்நாடு எல்லைப்புறத்தில், பாறசாலை, நெய்யாற்றின்கரை ஊர்களில் இது ஏட்டுச் செய்தி அல்ல. தென்னையும் பனையும் ஏறிப் பிழைத்த ஊர்கள் இவை. மழைக்காலத்தில் ஈரமான மரம் கால் பிடிக்க விடாது.

விலா எலும்புகளோடு பிணைந்து அதிகம் அசையாத நடுமுதுகும், வளைந்து கொடுக்கும் இடுப்பு முதுகும் சேரும் இடத்தில்தான் முறிவு அதிகம். தண்டுவடம் முடிவதும் அதற்குச் சற்றுக் கீழேதான். விழுந்தவரைத் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, ஆட்டோவில் மடக்கி ஏற்றும்போது, நசுங்கிய எலும்பின் துண்டு பின்னால் நகர்ந்து நரம்பை அழுத்தலாம். விழுந்தபோது அசைந்த கால்கள், தூக்கியபின் அசையாமல் போகலாம். அவரைக் கிடந்தபடியே விடுங்கள். 108க்கு அழையுங்கள், எல்லையின் இரு பக்கமும் அதே எண்தான். நகர்த்தியே ஆகவேண்டுமென்றால் நாலு பேர் சேர்ந்து, தலையும் முதுகும் இடுப்பும் ஒரே கோட்டில் இருக்கும்படி உருட்டி, பலகையிலோ கழற்றிய கதவிலோ கிடத்த வேண்டும்.

கை கால் ஒடிந்தால் இங்கே பலரும் போவது வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசான் வீட்டுக்குத்தான். 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைக் கோடு விழுந்தபோது விளவங்கோடு தாலுகா இன்றைய தமிழ்நாட்டுக்கு வந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. வர்ம வைத்தியத்துக்கு அந்தக் கோடு பொருட்டாகவில்லை. எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டி இரு பக்கமும் ஆட்கள் போய் வருகிறார்கள். முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. இந்த அறிவை மூடநம்பிக்கை என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒடிந்த எலும்பை ஒட்டவைப்பது தைலமும் அல்ல, மாவுக்கட்டும் அல்ல, உடல்தான். முறிந்த இடத்தில் ரத்தம் உறைகிறது. இரண்டு மூன்று வாரங்களில் அங்கே மென்மையான இணைப்புத் திசு வளர்கிறது. பிறகு அதில் சுண்ணாம்புச் சத்து படிந்து இறுகுகிறது. மணிக்கட்டுக்கு ஆறு வாரம் போதும். முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்புக்கு மூன்று நான்கு மாதம்கூட ஆகலாம். அதுவரை எலும்பை நேராக, அசையாமல் பிடித்து வைப்பதே வைத்தியம். ஆசானின் மூங்கில் பத்தையும், டச்சு ராணுவ மருத்துவர் மத்தெய்சன் 1850களில் பரப்பிய மாவுக்கட்டும் செய்வது அதே வேலைதான்.

ஆபத்து கட்டின் இறுக்கத்தில் இருக்கிறது. குழந்தை கையூன்றி விழுந்து முழங்கைக்கு மேலே ஒடிந்தால் முதல் நாளில் வீக்கம் ஏறிக்கொண்டே போகும். கட்டு விரிந்து கொடுக்காது. உள்ளே அழுத்தம் கூடி, தசைக்கு ரத்தம் நின்றுவிடும். ஆறு மணி நேரம் போல அப்படியே இருந்தால் தசை செத்து, விரல்கள் கொக்கியாக மடங்கிவிடும். ஜெர்மானிய மருத்துவர் வோல்க்மன் 1881இல் விவரித்த இந்த ஊனம் அவர் பெயரிலேயே வழங்குகிறது. மருத்துவமனை மாவுக்கட்டிலும் இது நேரலாம். கட்டியபின் வலி குறையாமல் கூடினால், விரலை மெல்ல நீட்டிவிட்டாலே குழந்தை அலறினால், விரல்கள் மரத்தாலோ வெளுத்தாலோ, யார் போட்ட கட்டாக இருந்தாலும் உடனே பிரிக்கச் செய்து மருத்துவமனைக்கு ஓட வேண்டும். நாடி துடிக்கிறதே என்று காத்திருக்கக்கூடாது. தசை சாகும்போதும் நாடி துடிக்கும். கட்டுக்கு முன் ஓர் எக்ஸ்ரே அவசியம். மூட்டருகே குழந்தையின் எலும்பு வளரும் தட்டு அடிபட்டிருந்தால் எவ்வளவு தேர்ந்த விரலுக்கும் அது பிடிபடாது.

முற்றத்தில் வழுக்கிக் கையூன்றும் அம்மூம்மாவின் மணிக்கட்டு முறிவு வேறு வகை. நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு ஒடிகிறதென்றால் அது ஏற்கெனவே மெலிந்திருக்கிறது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பு கரையும் வேகம் கூடுகிறது. மணிக்கட்டைச் சேர்த்துக் கட்டி அனுப்புவதோடு பெரும்பாலும் கதை முடிந்துவிடுகிறது. எலும்பு அடர்த்திச் சோதனையை யாரும் கேட்பதில்லை. சில வருடம் கழித்து ஒடிவது இடுப்பு. அதற்குப் பத்தை கட்டிப் படுக்க வைத்தால் படுக்கைப் புண்ணும் நிமோனியாவும் வரும். இரண்டு நாளுக்குள் அறுவை சிகிச்சை செய்து எழுப்பி நடக்க வைப்பதே முறை.